உறை போட்ட கம்பி

எங்கள் வேனில் என் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வண்டி நின்றதும் என் வீட்டுக்காரர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, வெளிப்பிடியைத் திருகித் திறந்துவிட்டால்தான் நான் இறங்க முடியும். பார்க்கிறவர்கள், "பொண்டாட்டிக்குக் கதவு திறந்து விடறாரு பாரு, குடுத்து வச்சவ" என்பார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன். கதவு பழுது என்று எத்தனை பேரிடம்தான் சொல்லிக்கொண்டிருப்பது? ஊரில் உள்ள டிவி, ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற மனிதருக்குச் சொந்த வண்டியின் கதவைப் பார்க்க மட்டும் நேரம் கிடைத்ததில்லை.

என் பிழைப்பும் கதவு சம்பந்தப்பட்டதுதான். ஒரு லிப்ட் கம்பெனியில் போன் பேசுகிறேன். லிப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே இருப்பவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கேட்கிற குரல் என்னுடையது. "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு. கதவப் பிடிச்சு இழுக்காதீங்க. உள்ள ஃபேன் ஓடுதா?" என்று ஆரம்பித்து, மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் திட்டுவார்கள். சிலர் அழுவார்கள். ஒருவர் தன் மருமகளைப் பற்றி முழுக் கதையும் சொல்லி என்னிடம் நியாயம் கேட்டார்.

போன மாதம் ஒருவர் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்துவிட்டான். தரைக்குச் சமமாக லிப்ட் நிற்கிறது, எதிரே நடைபாதை தெரிகிறது. அந்த மனிதர் இன்னும் லைனில் இருந்தபடி என்னைக் கேட்கிறார்: "மேடம், கதவு தொறந்திருக்கு. வெளிய வரலாமா?"

"தாராளமா வாங்க சார்" என்றேன். எங்கள் அறையே சிரித்தது. நானும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது எனக்கு என்ன தெரியும்.

வார விடுமுறையில் நாங்கள் வாசிக்கப் போவோம். வாசிப்பது என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. அவரிடம் தாளம் தட்டுகிற ஒரு பழைய டிரம் மெஷின், என்னிடம் குமிழைத் திருகினால் சுரம் எழுப்பும் பெட்டி, ஒரு பழைய சிந்தசைசர். இரண்டும் எங்களைவிட மூத்தவை. கம்ப்யூட்டர் கிடையாது, பாடகர் கிடையாது, மேடையும் கிடையாது. மெத்தைக் கடைக்குக் கீழே உள்ள கோடவுனில், கடை மூடியிருக்கும் மதியத்தில், ஷட்டரை இறக்கிவிட்டு வாசிப்போம். சுவரோடு சுவராக மெத்தைகள் அடுக்கியிருப்பதால் சத்தம் வெளியே போகாது. காற்றும் உள்ளே வராது. அறுபது எழுபது பேர் வேர்த்து ஒழுகிக்கொண்டு ஆடுவார்கள். மெத்தைக் கடைக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, யாராவது பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எங்கள் இசை பிடிக்கும் என்று இதுவரை அவர் சொன்னதில்லை. ஆனாலும் சாவியை மட்டும் அவரேதான் கொண்டுவந்து திறப்பார்.

வருகிறவர்கள் எல்லாம் என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார்கள். அதனால் நான் அண்ணி. "அண்ணி, தண்ணி இருக்கா?" "அண்ணி, அண்ணன் எங்க?" இப்படித்தான் என்னிடம் பேச்சு ஆரம்பிக்கும்.

சிந்தசைசர் நான் வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னால், மூடப்போகிற ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், பழைய இரும்புக்குப் போடுவதற்காக ஓரமாக வைத்திருந்தார்கள். அதில் எட்டுக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சுரம் வைத்துவிடலாம். ஓடவிட்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை போய், மறுபடி ஒன்றுக்கு வந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அந்தக் குமிழுக்கு மேல் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு குமிழ். அதன் எந்த அமைப்பையும் சேமித்து வைக்க முடியாது. ஒரு குமிழை நகர்த்தினால் பழைய சத்தம் போனது போனதுதான். நான் தனியாக இருந்த வாடகை அறையில் ஜன்னலோரம் அதை வைத்து, விடுமுறை நாள் முழுக்க ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெட்டி சூடாக ஆக, அதன் நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். சுரமும் லேசாக இறங்கும். மதியம் ஆனால் எனக்குத் தளர்வதுபோலவே அதற்கும் தளர்கிறதே என்று அதன்மேல் எனக்கு ஒரு பாசம்.

அவர் முதலில் காதலித்தது அந்தப் பெட்டியைத்தான். பழுது பார்க்க வந்தவர், பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்து என்னையும் கட்டிக்கொண்டார் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கல்யாணமான மறு வருடம் வேகக் குமிழ் செத்துப்போனது. திருகினால் சும்மா சுற்றியது, விளக்கு முதல் குமிழிலேயே நின்றது. நான் அழாத குறை. அவர் பெட்டியைத் திறந்து அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வேகத்தப் பாத்துக்கற சிப்பு போயிடுச்சு. இப்ப அத யாரும் பண்றதே இல்ல."

"அப்ப இனிமே ஓடாதா?"

"ஏன் ஓடாது? என் மெஷின்லேருந்து துடிப்பு எடுத்துக்கலாம். ஒரு கேபிள் போட்டா போதும். நான் இருக்கேன்ல."

அப்படித்தான் அந்தச் சிவப்புக் கேபிள் வந்தது. அவருடைய டிரம் மெஷின் ஒரு தட்டு தட்டினால் கேபிள் வழியாக ஒரு துடிப்பு வரும். என் பெட்டி ஒரு சுரம் நகரும். அவர் ஓடினால் நான் ஓடுவேன், அவர் நின்றால் நிற்பேன். டிரம் மெஷினை அவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் இருந்தாலும் குளிக்கப் போகும்போதுகூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போவார், சூடாகிவிடுமாம். அதனால் எனக்குத் தனியாக வாசிப்பது என்பதே இல்லாமல் போனது. அது பெரிய இழப்பாகக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. செத்த பெட்டிக்கு உயிர் கொடுத்தாரே என்று நன்றியோடுதான் இருந்தேன்.

எங்கள் வாசிப்பில் எல்லோரும் காத்திருக்கிற ஓர் இடம் உண்டு. அதற்கு அவர்களே 'மூச்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் சட்டென்று மெஷினை நிறுத்தி, வலது கையைத் தூக்குவார். கோடவுனே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அவர் கை இறங்கும்போது டிரம் மறுபடி ஆரம்பிக்கும், கூட்டம் கத்தும். இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. துடிப்பு நின்றாலும், நின்ற இடத்துச் சுரம் என் பெட்டியில் இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் கை மேலே போகிற அதே நொடியில் என் இடது கை சத்தக் குமிழை மூட வேண்டும். இல்லையென்றால் மூச்சு கெட்டுவிடும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு என் கை தேறிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள். இந்த மாதிரி இசையைக் கேசட்டில் பதிந்து, கையாலேயே அட்டை ஒட்டி, நூறு பேருக்கு அனுப்புவாள். கேசட்காரி என்றுதான் எல்லோரும் சொல்வோம். இரண்டு வாசிப்புக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, ஒரு கேசட்ல ஒரு பக்கம் உங்களுக்குத் தரேன். நீங்க மட்டும். டிரம் வேணாம். அந்த எட்டு சுரம் சுத்துதில்ல, அத மட்டும் கேக்கணும்போல இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அவர் சொன்னார்.

"அவ மெஷின் தனியா ஓடாதும்மா. எங்களோடது ஜோடி."

எவ்வளவு அழகாகச் சொன்னார். கேசட்காரிகூட, "ஆமால்ல" என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் அன்றைக்குத் தூக்கம் வராமல் புரண்டேன். ஒரு பக்கம். என் பெட்டி மட்டும். வாழ்க்கையில் வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் சத்தக் குமிழ் ஆட ஆரம்பித்தது. உள்ளே நட்டு தளர்ந்திருக்கும். அதைத் திருகுவதற்கு அவரைக் கூப்பிடுவானேன் என்று, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். நட்டை இறுக்கினேன். மூடுவதற்கு முன் சும்மா ஒரு பார்வை பார்த்தேன்.

வேகக் குமிழிலிருந்து பலகைக்குப் போகிற நீலக் கம்பி நடுவில் இரண்டாக இருந்தது. இரண்டு முனைக்கும் கறுப்பு உறை போட்டிருந்தது. சூடு காட்டினால் சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளுமே, அந்த உறை. அளவாக வெட்டி, ஓரம் நெளியாமல், அவ்வளவு நறுவிசு. அவருடைய கைவேலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். மொட்டைக் கம்பியை அவரால் விட்டு வைக்க முடியாது. எதிலும் பட்டுவிடக் கூடாது என்று உறை போடாமல் மூடவே மாட்டார். அந்தப் பழக்கம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. தானாக அறுந்த கம்பி தனக்குத் தானே உறை போட்டுக்கொள்ளாது.

எனக்குக் கோபம் உடனே வரவில்லை. சிப்பு போய்விட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்தாரே, அந்தத் துணியின் நிறம்கூட ஞாபகம் வந்தது. அவருக்கு நான் நன்றி சொன்னது, ஊரெல்லாம் அவர் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லித் திரிந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் மூஞ்சியில் அடித்தது.

அவருடைய சால்டரிங் ராடையே எடுத்துச் சூடாக்கினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். உறைகளை வெட்டி எடுத்து, முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே புது உறை போட்டேன். பெட்டியை நிமிர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேகக் குமிழைத் திருகினேன். விளக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது. மூன்று. நான்கு. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் ஏன் கேட்கவில்லை என்றால், பயம். கேட்டால் பதில் வைத்திருப்பார். அவருடைய பதில்கள் எப்போதும் என் கேள்வியைவிடப் பெரியதாக இருக்கும். கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வருவேன். ஆகவே வாயால் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த வாசிப்பில், மூச்சு வருகிற இடத்தில், அவர் கை மேலே இருக்கும்போது என் எட்டுச் சுரமும் ஓடும். கேசட்காரியும் இருப்பாள். கேட்டுக்கொள்ளட்டும்.

அன்று மதியம் கோடவுனில் நல்ல புழுக்கம். ஷட்டர் இறங்கியதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் வழக்கம்போலச் சிவப்புக் கேபிளின் ஒரு முனையைத் தன் மெஷினில் செருகி, மறுமுனையை என்னிடம் நீட்டினார். வாங்கி, சாக்கெட்டில் செருகாமல், பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். அவர் டிரம்மை ஆரம்பித்தார். நான் வேகக் குமிழை அவர் தட்டுக்குச் சரியாகத் திருகி, முதல் தட்டில் என் ஸ்விட்சைப் போட்டேன். என் பெட்டி பின்தங்கும்போதெல்லாம் ஒரு மயிரிழை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. என் முதுகில் மட்டும் வேர்வை ஆறாக ஓடியது.

மூச்சு வந்தது. டிரம் நின்றது. அவர் கை மேலே போனது.

கோடவுன் அமைதியாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, நிற்காமல். ஆனால் சத்தம் இல்லை. என் இடது கை சத்தக் குமிழை மூடியிருந்தது.

நான் மூடச் சொல்லவில்லை. அது தானாகவே மூடியிருந்தது. கம்பியை ஒட்டவைத்தவள் நான், கேபிளை மாட்டாமல் விட்டவள் நான். என்னைக் கேட்காமல் என் கையே அவருக்கு வேலை பார்த்திருக்கிறது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

அவர் கை இறங்கியது. டிரம் மட்டும் தனியாக ஆரம்பித்தது. கூட்டம் கத்தத் தொடங்கி, ஏதோ குறைகிறதே என்று பாதியில் நிறுத்தியது. அவர் திரும்பி, தொற என்று கண்ணால் சொன்னார். நான் திறந்தேன். என் சுரம் ஒரு வேகத்தில், அவர் தட்டு ஒரு வேகத்தில். குறுகலான வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பதுபோல இடித்துக்கொண்டது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் தடுமாறியது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, மறுபடியும் கையைத் தூக்கினார். இந்தத் தடவை அது கூட்டத்துக்கு இல்லை, எனக்கு.

என் இடது கை குமிழுக்குப் போனது. விரல்கள் அதைப் பிடித்தும்விட்டன. நான் திருகவில்லை. பிடித்தபடியே நின்றேன். என் எட்டுச் சுரமும் மெத்தைகளுக்கு நடுவில் தனியாகச் சுற்றின.

அவர் கையை இறக்க மறந்து நின்றார். பிறகு டிரம்மை ஆரம்பித்துப் பார்த்தார், சேரவில்லை. அவருடைய மெஷினுக்குத் துடிப்பைக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கிக்கொள்ள அதில் சாக்கெட்டே கிடையாது. நிறுத்திவிட்டார். பெட்டி சூடேறியிருந்தது, நடை தளர்ந்தது, சுரம் இறங்கியது. அதைச் சரிசெய்யாமல் நான் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒருத்தன் அந்தத் தளர்ந்த நடைக்குத் தோளை அசைத்தான். அப்புறம் பக்கத்தில் இருந்தவர்கள். கேசட்காரி பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மெத்தைக் கடைக்காரர் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்திருந்தார்.

ஷட்டர் ஏறியதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

"கேபிள் கழண்டுடுச்சுப்பா. அது பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுடுச்சு. பழைய மெஷினாச்சே, இப்படித்தான் மக்கர் பண்ணும்."

சரி அண்ணே, பரவாயில்ல அண்ணே என்றார்கள். கேசட்காரி மட்டும் என்னிடம் வந்தாள்.

"தனியா ஓடுதே. ஒரு பக்கம் தருவீங்களா?"

பதில் சொல்வதற்கு முன் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்தபிறகுதான் பார்த்தேன் என்று தெரிந்தது. லிப்டில் மாட்டிக்கொண்ட அந்த மனிதரின் குரல் காதில் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

"தரேன்" என்றேன். "கேபிள் கழண்டு போகல. நான் மாட்டவே இல்ல."

கேசட்காரி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். இத்தனை வருடத்தில் அந்தக் கோடவுனில் யாரும் என்னை அக்கா என்றதில்லை.

வேனை அவர்தான் ஓட்டினார். பாதி வழி வந்தபிறகு கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"நட்டு இறுக்கத் தொறந்தேன். உறை போட்டிருந்தீங்க."

ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது. "நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார். "உன் மெஷின் இழுத்துக்கிட்டே போகும். தாளத்துல நிக்காது. எனக்கு அது தாங்கல."

"இழுத்துக்கிட்டே போகட்டும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கிச் சுற்றி வரட்டும் என்று நானும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் துணி உலர்த்த வந்தவள் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். கையை வெளியே விட்டு, துழாவி, வெளிப்பிடியைத் திருகினேன். கதவு திறந்துகொண்டது. அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கண்ணாடி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் இறங்கி, பின்பக்கம் போய், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.